கயிறு இழுக்கும் போட்டி சண்டையில் முடிந்தது. இந்த முறை ஏற்காட்டில் என்ன விளையாடலாம்?

அம்மாப்பேட்டை_வாசகன் (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். எங்கள் பகுதியில் நான்கு பேர் சேர்ந்து மாலை நேர வாசிப்பு வட்டம் ஒன்றை நடத்துகிறோம். ஒன்பதாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை 26 பிள்ளைகள் வருகிறார்கள். பாதிப் பேர் தறி ஓடும் வீட்டுப் பிள்ளைகள்.

சென்ற ஆண்டு இரண்டு நாள் ஏற்காட்டுக்கு அழைத்துப் போனோம். ஒற்றுமை வளரட்டும் என்று கயிறு இழுக்கும் போட்டி வைத்தோம். யோசனை என்னுடையது. அணி பிரிக்கச் சோம்பல்பட்டு, மேலத்தெரு ஒரு பக்கம், கீழத்தெரு ஒரு பக்கம் என்று நிறுத்திவிட்டேன். தோற்கப்போகிறோம் என்று தெரிந்ததும் ஒரு பக்கத்தார் கயிற்றைச் சட்டென்று விட்டுவிட்டார்கள். எதிர்ப்பக்கம் மொத்தமும் மல்லாந்து விழுந்தது. ஒரு பையனுக்கு முழங்கையில் நான்கு தையல். மறுநாள் மலை இறங்கும்போது இருபது கொண்டை ஊசி வளைவு முடியும் வரை பஸ்ஸுக்குள் ஒரு சத்தம் இல்லை. இடப்பக்கம் ஒரு தெரு, வலப்பக்கம் ஒரு தெரு. அந்தக் கயிறு இன்னும் எங்கள் வீட்டுப் பரண்மேல்தான் கிடக்கிறது.

இந்த அரையாண்டு விடுமுறையில் மறுபடி போகிறோம். யாரும் யாரையும் தோற்கடிக்காத, எல்லாரும் சேர்ந்து முடிக்கவேண்டிய விளையாட்டுகள் இருந்தால் சொல்லுங்கள். ஒரு நிபந்தனை: சின்னப் பிள்ளை விளையாட்டாகத் தெரிந்தால் பதினாறு வயதுக்காரன் கைபேசியோடு ஓரமாகப் போய் உட்கார்ந்துவிடுவான். கையில் காசும் அதிகம் இல்லை.

கோட்டுக்கு_அப்பால்

பதினெட்டு ஆண்டுகளாகப் பிள்ளைகளுக்குக் கபடி கற்றுக்கொடுக்கிறேன். உங்கள் முடிவை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. தெருவாரியாக அணி பிரித்தது நீங்கள். பழி போட்டியின் மேல் விழுகிறது.

கபடியில் வெளியே போனவன் தானாக உள்ளே வர முடியாது. கூட்டாளி ஒருவன் எதிராளியை வெளியேற்றினால்தான் இவன் திரும்ப வருவான். பாடி வருகிறவனைப் பிடிக்கத் தடுப்பாளர்கள் கைகோத்துச் சங்கிலியாக நிற்கிறார்கள்; ஒருவன் அரை நொடி முந்தினால் சங்கிலி அறுந்துவிடும். இதைவிடக் கூட்டு முயற்சி எங்கே இருக்கிறது? தோல்வியே இல்லாத விளையாட்டில் பிள்ளைகள் எதைக் கற்பார்கள்?

அம்மாப்பேட்டை_வாசகன்

அணி பிரித்தது என் தவறு, ஐயா. மறுக்கவில்லை. ஆனால் கபடியில் பக்கத்துக்கு ஏழு பேர். என்னிடம் 26 பேர் இருக்கிறார்கள். பதினாலு பேர் ஆடினால் பன்னிரண்டு பேர் வேடிக்கை பார்ப்பார்கள். அந்தப் பன்னிரண்டு பேர் யாராக இருப்பார்கள் என்று இப்போதே எழுதிக் கொடுக்கட்டுமா?

சுண்ணாம்புக்கட்டி

உங்கள் கயிற்றுக் கதையைப் படித்ததும் ஒரு பழைய ஆய்வு ஞாபகம் வந்தது. உளவியல் பாடம் நடத்துகிறவள், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1954இல் முசாபர் ஷெரீப் என்ற உளவியலாளர் அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தில், ராபர்ஸ் கேவ் என்ற இடத்தில் 22 சிறுவர்களை முகாமுக்கு அழைத்துப்போனார். வயது பதினொன்று, பன்னிரண்டு. இரண்டு குழுவாகப் பிரித்துப் போட்டிகள் வைத்தார். கயிறு இழுத்தலும் அதில் உண்டு. சில நாளில் ஒரு குழு மற்றதன் கொடியை எரித்தது. விடுதி அறைக்குள் புகுந்து சூறையாடினார்கள். பிறகு சமாதானம் செய்ய இருவரையும் சேர்த்துச் சாப்பிட வைத்தார்கள். சாப்பாட்டை ஒருவர்மேல் ஒருவர் எறிந்ததுதான் மிச்சம்.

நிலைமையை மாற்றியவை வேறு. முகாமுக்கு வரும் தண்ணீர் நின்றுபோனது. எல்லாரும் சேர்ந்து குழாயையும் தொட்டியையும் தேடிப் பார்க்கவேண்டி வந்தது. இன்னொரு நாள் சாப்பாடு வாங்கப் போகவேண்டிய லாரி கிளம்பவில்லை. சிறுவர்கள் ஒரு கயிற்றை எடுத்து லாரியில் கட்டி இழுத்தார்கள். எந்தக் கயிறு தெரியுமா? சண்டைக்குப் போன அதே கயிறு இழுக்கும் போட்டியின் கயிறு.

ஆகவே பரணிலிருக்கும் கயிற்றைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். அதற்கு முந்தைய ஆண்டு நியூயார்க் மாநிலத்தில் அவர் இதே போன்ற முகாம் நடத்தித் தோற்றார். அங்கே சிறுவர்களை முதலில் ஒன்றாகப் பழகவிட்டு, அப்புறம் பிரித்தார்கள். பழகியவர்கள் சண்டை போட மறுத்துவிட்டார்கள். ஆய்வாளருக்கு அது தோல்வி. உங்களுக்கு அதுதான் வேண்டும். எனவே முதல் நாள் காலையில் குழுவே பிரிக்காதீர்கள்.

செவ்வாய்ப்பேட்டைச்_சலங்கை

எங்கள் பட்டறையில் ஒரு ஜோடி கொலுசு முடிவதற்குள் எத்தனை கை மாறுகிறது என்று எண்ணிப் பாருங்கள். வெள்ளியை உருக்குகிறவர் ஒருவர், கம்பி இழுக்கிறவர் ஒருவர், பற்றவைக்கிறவர் ஒருவர், சலங்கை கோப்பவர், மெருகு போடுகிறவர். எவரும் ஏற்காட்டுக்குப் போய் விளையாடிவிட்டு வந்து வேலை கற்கவில்லை. முன்னால் இருப்பவர் சொதப்பினால் பின்னால் இருப்பவருக்குக் கூலி போகும்; அந்தப் பயம் போதும்.

என் தம்பி வேலை பார்க்கும் நிறுவனத்தில் ஆண்டுக்கொரு முறை ஏதோ ஒரு விடுதிக்குக் கூட்டிப்போய் பலூன் ஊதவைக்கிறார்கள். திரும்பி வந்த திங்கட்கிழமையே பழையபடி ஒருவர்மேல் ஒருவர் புகார் எழுதுகிறார்களாம். பிள்ளைகளைச் சமைக்கச் சொல்லுங்கள். 26 பேருக்குச் சாம்பார் வைத்தால் எல்லாம் தெரிந்துவிடும்.

ஏழுநாள்_முகாம்

அண்ணா சொல்வதில் பாதி சரி. கல்லூரியில் நாட்டுநலப்பணித் திட்டத்தின் ஏழு நாள் சிறப்பு முகாமுக்கு இரண்டு முறை போயிருக்கிறேன். எங்களை ஒன்றாக்கியது அங்கே இருந்த அண்டாவும் கரண்டியும்தான். ஆனால் சமையலில் தெரிந்தவன் செய்வான், தெரியாதவன் நழுவுவான். பெண்கள் காய் நறுக்க உட்கார்ந்துவிடுவார்கள், பையன்கள் விறகு தூக்கிவிட்டுப் போய்விடுவார்கள். விளையாட்டில் எல்லாரும் சம அளவில் தெரியாதவர்கள். எனக்கு அது பிடிக்கும்.

நான் நடத்திப் பார்த்தவற்றைச் சொல்கிறேன்.

தார்ப்பாய் திருப்புதல்: ஒரு தார்ப்பாயை விரித்து 12, 13 பேரை அதன்மேல் நிறுத்துங்கள். யாருடைய காலும் தரையில் படாமல் தார்ப்பாயைத் தலைகீழாகத் திருப்பிப்போட வேண்டும். நெருக்கியடித்து ஒரு மூலையில் ஒதுங்கி, எதிர்மூலையை மடித்து மடித்து அதன்மேல் ஏற வேண்டும். பார்க்க எளிது. முதல் முறை யாருக்கும் வராது.

குழாய் இறக்குதல்: வீட்டு மின்கம்பிக்குப் போடும் மெல்லிய பிவிசி குழாய் ஒன்று போதும், பத்தடி நீளம். ஐந்து பேர் இந்தப் பக்கம், ஐந்து பேர் அந்தப் பக்கம் எதிரெதிராக நின்று ஆள்காட்டி விரலை நீட்ட, அதன்மேல் குழாயை வைக்க வேண்டும். பிடிக்கக் கூடாது, யாருடைய விரலும் குழாயை விட்டு விலகவும் கூடாது. தரையில் இறக்கினால் முடிந்தது. இறங்காது, மேலே போகும்! விரல் விலகிவிடுமோ என்று ஒவ்வொருவரும் கடுகளவு மேலே தள்ளுகிறார்கள். பத்துக் கடுகு சேர்ந்தால் குழாயின் எடையை மீறிவிடுகிறது. "நீதான் தூக்குகிறாய்" என்று தொடங்குவார்கள் பாருங்கள். அந்தக் கூச்சலுக்காகவே வைக்கலாம்.

கை முடிச்சு: வட்டமாக நின்று எதிரில் இருப்பவர்கள் கையைக் குறுக்கும் நெடுக்குமாகப் பிடித்து, விடாமல் சிக்கலை அவிழ்ப்பது. நம் ஊரில் பையனும் பெண்ணும் கை பிடிக்கச் சங்கடப்படுவார்கள். ஆளுக்கொரு துண்டு கொடுத்து முனையைப் பிடிக்கச் சொல்லுங்கள். வளையவும் இடம் கிடைக்கும். சில முடிச்சு ஒரே வட்டமாக வராது, இரண்டு வட்டமாகப் பிரியும், அதுவும் சரியே.

நாற்காலி விளையாட்டை மாற்றியும் ஆடலாம். பாட்டு நின்றதும் நாற்காலியைத்தான் குறைப்பீர்கள், ஆளை அனுப்ப மாட்டீர்கள். கடைசியில் இருக்கிற நாலைந்து நாற்காலியில் எல்லாரும் தொற்றிக்கொள்ள வேண்டும். கனடாக்காரர் டெர்ரி ஆர்லிக் 1978இல் இப்படிப்பட்ட விளையாட்டுகளையெல்லாம் தொகுத்துப் புத்தகமாகப் போட்டார். பிளாஸ்டிக் நாற்காலி வேண்டாம், கால் பிளந்துவிடும். பெஞ்சு போடுங்கள்.

பின்பக்கம் சாய்ந்து விழுந்து மற்றவர்கள் தாங்குவது, ஆள்மேல் ஆள் ஏறிக் கோபுரம் கட்டுவது, இவை இரண்டும் வேண்டவே வேண்டாம். பழக்கிவிட ஆள் இல்லாமல் செய்தால் மறுபடி தையல்தான்.

கோட்டுக்கு_அப்பால்

கயிற்றைப் பற்றியும் ஒரு வார்த்தை. யார் இழுத்தாலும் கையிலோ இடுப்பிலோ சுற்றிக்கொள்ள விடாதீர்கள். விரல் போய்விடும். இதைச் சொல்லாமல் எந்தப் பள்ளி மைதானத்திலும் கயிறு விரிக்கக் கூடாது.

சரி, ஒரு சந்தேகம். இந்தக் குழாய், தார்ப்பாய் எல்லாவற்றிலும் ஒரு வாயாடி பையன் எல்லாருக்கும் உத்தரவு போட்டு முடித்துவிடுவானே? மற்ற ஒன்பது பேர் பொம்மை மாதிரி நிற்பார்கள். கபடியில் அது நடக்காது.

சுண்ணாம்புக்கட்டி

நல்ல கேள்வி சார். விளையாட்டு நடத்துகிறவர்கள் பலர் கோட்டைவிடும் இடம் அது.

அந்தப் பையனுக்கு இரண்டாம் சுற்றில் மௌன விரதம் கொடுத்துவிடுங்கள். தண்டனையாகச் சொல்லாதீர்கள், விளையாட்டின் விதியாகச் சொல்லுங்கள்: "இந்தச் சுற்றில் மூன்று பேருக்குப் பேச்சு இல்லை." கூட ஊமையாக்கும் இருவர் அமைதியானவர்களாக இருந்தால் அவனுக்கு உறைக்காது.

இன்னொரு வழி, தகவலைப் பிய்த்துக் கொடுப்பது. எலியட் ஆரன்சன் 1971இல் டெக்சஸின் ஆஸ்டின் நகர வகுப்பறைகளில் செய்தது இதுதான். பாடத்தைத் துண்டுகளாக்கி, குழுவில் ஆளுக்கொரு துண்டைக் கொடுத்தார். ஒருவருக்குத் தெரிந்தது மற்றவருக்குத் தெரியாது. ஆகவே திக்கிப் பேசுகிறவனையும் காதுகொடுத்துக் கேட்டே ஆக வேண்டும். நீங்கள் ஒரு புதிரை 13 சீட்டில் எழுதி ஆளுக்கொன்று கொடுங்கள். சீட்டைக் காட்டக் கூடாது, படித்துத்தான் சொல்ல வேண்டும்.

கும்பல் பெரிதாக இருந்தால் ஒளிந்துகொள்ளவும் வசதி என்பதை மறக்காதீர்கள். பிரெஞ்சு வேளாண் பொறியாளர் மாக்ஸ் ரிங்கெல்மான் கயிறு இழுக்கவைத்து அளந்து 1913இல் வெளியிட்டார். தனியாக இழுக்கும்போது இருக்கும் பலத்தில், இரண்டு பேர் இழுத்தால் ஆளுக்கு 93 சதவீதம். எட்டுப் பேர் இழுத்தால் 49. ஒரே சமயத்தில் இழுக்காததால்தான் இப்படி என்று வாதாடலாம். 1974இல் அதையும் சோதித்தார்கள்: கண்ணைக் கட்டி, பின்னால் ஆள்கள் இழுப்பதாக நம்பவைத்து ஒருவரைத் தனியாக இழுக்கவிட்டார்கள். அப்போதும் பலம் குறைந்தது. தேர்வடத்தைத் தொட்டுக்கொண்டு மட்டும் நடப்பவர்களை நாம் பார்த்ததில்லையா என்ன? நானே அப்படி நடந்திருக்கிறேன், புண்ணியத்துக்காக.

பதின்மூன்று பேருக்கு மேல் ஒரு விளையாட்டில் சேர்க்காதீர்கள். கால் மணி ஆட்டம் என்றால் கால் மணி பேச்சு. "என்ன கற்றுக்கொண்டீர்கள்" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். ஆசிரியருக்குப் பிடித்த பதில் வரும். "எந்த இடத்தில் சிக்கியது? அப்போது யார் என்ன சொன்னார்கள்?" என்று கேளுங்கள்.

மிளகுக்கொடி

நான் மலைமேல் இருக்கிறவள். தோட்ட வேலை. நீங்கள் எல்லாரும் விளையாட்டைப் பேசுகிறீர்கள், நான் தரையைப் பேசுகிறேன்.

டிசம்பரில் நாலு மணிக்கு மேல் பனிமூட்டம் எப்போது இறங்கும் என்று சொல்ல முடியாது. பத்தடி தள்ளி நிற்பவன் தெரியமாட்டான். கண்ணைக் கட்டி ஆடுவதெல்லாம் காலையோடு முடித்துக்கொள்ளுங்கள். புல் காலையில் நனைந்திருக்கும், தார்ப்பாய் ஈரத்தில் வழுக்கும். பத்து மணிக்கு மேல் விரியுங்கள். ஏரிப் பக்கம் விடுமுறையில் கூட்டம் நெரியும், அங்கே வேண்டாம். காப்பிப் பழம் பறிக்கும் நேரம் இது. சில்வர் ஓக் நிழலில் அழகாக இருக்கிறதே என்று தோட்டத்துக்குள் பிள்ளைகளை விட்டுவிடாதீர்கள். பொழுது சாய்ந்தால் காட்டெருமை நடமாட்டம் உண்டு. இருட்டில் புதையல் தேடும் விளையாட்டு ஏதாவது மனத்தில் இருந்தால் இப்போதே அழித்துவிடுங்கள்.

மேலே ஏறும்போது வளைவுக்கு வளைவு எண் எழுதிய பலகை இருக்கும். அதை வைத்து ஏதும் விளையாட்டு நடத்தாதீர்கள், தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தால் வாந்திதான். ஆளுக்கொரு எலுமிச்சம்பழம் கொடுத்துப் பேசாமல் உட்காரவையுங்கள்.

செவ்வாய்ப்பேட்டைச்_சலங்கை

விளையாட்டே வேண்டாம் என்றவன் நான். ஆனால் இந்த இழையை இரவு அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். "பின்னல் கோலாட்டத்தை ஒருத்தரும் சொல்லவில்லையே" என்றார்கள். சின்ன வயதில் ஆடியவர்கள். மேலே ஒரு இடத்தில் கயிறுகளைக் கட்டித் தொங்கவிட வேண்டும். ஆளுக்கொரு கயிறு ஒரு கையில், கோல் ஒரு கையில். பாதிப் பேர் வலமாக, பாதிப் பேர் இடமாக, ஒருவரை உள்ளே விட்டு அடுத்தவரை வெளியே விட்டுச் சுற்றினால் கயிறு சடையாகப் பின்னிக்கொண்டே இறங்கும். அப்படியே பின்னோக்கி ஆடிச் சடையை அவிழ்க்க வேண்டும். பாதியில் ஒருத்தி இடம் மாறினால் அவிழும்போது தெரிந்துவிடுமாம். "யார் தப்பு பண்ணியது என்று கயிறு சொல்லிவிடும்" என்கிறார்கள். ஆள் எண்ணிக்கை இரட்டைப்படையாக இருக்க வேண்டும்.

அம்மாப்பேட்டை_வாசகன் (பன்னிரண்டு நாள் கழித்து)

போய் வந்துவிட்டோம். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

தார்ப்பாய் சொதப்பியது. 26 பேருக்கு இரண்டு தார்ப்பாய் வாங்கிப்போய்ப் பக்கத்தில் பக்கத்தில் விரித்தேன். நான் போட்டி என்ற வார்த்தையையே உச்சரிக்கவில்லை. அரை நிமிடத்தில் "அவர்கள் பாதி திருப்பிவிட்டார்கள், சீக்கிரம்" என்று இந்தப் பக்கம் கத்தல். முதலில் முடித்தவர்கள் விசில் அடித்தார்கள். தெருவைக் கலைத்துத்தான் நிறுத்தியிருந்தேன், ஆனால் இரண்டு தார்ப்பாயே புதிதாக இரண்டு தெருக்களை உண்டாக்கிவிட்டது. ஒன்றை இந்தப் பக்கம் விரித்து மற்றதைக் கட்டிடத்துக்குப் பின்னால் விரித்திருக்க வேண்டும்.

குழாய் நன்றாக நடந்தது. பத்துப் பேர். வைத்த உடனே மார்பு உயரத்திலிருந்து முகத்துக்கு ஏறிவிட்டது. எல்லாருக்கும் சிரிப்பு, பிறகு சிரிப்பு நின்று, "கையை இறக்கு", "நான் இறக்கிவிட்டேன், நீ இறக்கு". ஏழு முறை. எட்டாம் முறைக்கு முன் மூன்று பேருக்கு மௌன விரதம் போட்டேன். அதில் ஒருவன் சென்ற ஆண்டு முழங்கையில் தையல் போட்டுக்கொண்ட பையன், வாய் ஓயாதவன். கடைசியில் நின்ற பத்தாம் வகுப்புப் பெண் ஏதோ முணுமுணுத்தாள். இரண்டு ஆண்டில் அவள் கூட்டத்தில் பேசி நான் கேட்டதில்லை. இப்போதும் யாரும் கேட்கவில்லை. பேச முடியாத அந்தப் பையன் இடது கையால் பக்கத்தில் இருந்தவன் தோளைத் தட்டினான், தாடையால் அவளைக் காட்டினான். அவன் அடுத்தவனைத் தட்டினான். அமைதியானதும் அவள் சொன்னாள்: "தறியில் மிதிக்கிற மாதிரி எண்ணி இறக்கலாம். ஒன்று என்றால் ஒரு விரற்கடை." எண்ணினாள். முழங்காலுக்கு வந்தபோது ஒருவன் தும்மினான், குழாய் உருண்டு விழுந்தது. அடுத்த தடவை தரை தொட்டது.

அதற்குப் பின் உட்கார்ந்து பேசிய பேச்சு அவ்வளவு சுவாரசியம் இல்லை. "நல்லா இருந்தது சார்" என்று வரிசையாகச் சொன்னார்கள். சுண்ணாம்புக்கட்டி அக்கா சொன்ன கேள்வியைக் கேட்டேன். அப்போதுதான் அந்தப் பையன், "பேச முடியாமல் இருந்தபோதுதான் யார் யார் பேசுகிறார்கள் என்று தெரிந்தது" என்றான். அதற்கு மேல் நோண்டவில்லை.

பின்னல் கோலாட்டத்துக்குக் கயிறு கடையில் வாங்கவில்லை. தறி வீட்டுப் பிள்ளைகள் கழிவு நூலை முறுக்கி 12 கயிறு திரித்துக்கொண்டு வந்தார்கள், ஒவ்வொன்றும் ஒவ்வொரு நிறம். தங்கிய இடத்துக் கூடத்தின் உத்தரத்தில் கட்டினோம். ஆறாம் சுற்றிலேயே சிக்கிக்கொண்டது. பிடித்திழுத்தால் இறுகியது. ஒரு பையன், "இழுக்காதே, தறியில் பாவு நூல் சிக்கினால் எங்கள் அப்பா கடைசியாக மேலே வந்த இழையைத்தான் முதலில் எடுப்பார்" என்றான். பச்சைக் கயிறு யாருடையது என்று தேடி, அவளை மூன்று ஆள் பின்னால் நடக்கவைத்து, பிறகு மஞ்சள், பிறகு சிவப்பு. ஒரு மணி நேரம் அவிழ்த்தோம். சாப்பாட்டுக்கு மணியடித்தும் ஒருவரும் போகவில்லை. சலங்கை அண்ணா, அம்மாவிடம் சொல்லுங்கள்: யார் தப்பு என்று கயிறு சொல்லியது, ஆனால் பன்னிரண்டு பேரும் "நான்தான் இருக்கும்" என்றார்கள்.

சாம்பாரும் வைத்தோம். அடிப்பிடித்தது. சீட்டுக் குலுக்கி வேலை பிரித்ததால் விறகு தூக்கியவர்களில் பாதி பெண்கள், வெங்காயம் உரித்து அழுதவர்களில் பாதி பையன்கள்.

சென்ற ஆண்டு கயிற்றை விட்ட பையனும் தையல் போட்ட பையனும் இன்னும் பேசிக்கொள்ளவில்லை. பஸ்ஸில் ஒரே வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள், நடுவில் ஒரு பை.

மிளகுக்கொடி

யாருக்கும் அடிபடவில்லை அல்லவா? அது போதும். எலுமிச்சம்பழம் கொடுத்தீர்களா?

அம்மாப்பேட்டை_வாசகன்

கொடுத்தோம் அக்கா. பதினோராம் வளைவுக்குள் உப்புப் போட்டுத் தின்றுவிட்டார்கள்.

கோட்டுக்கு_அப்பால்

பரண்மேல் இருந்த கயிறு என்னவானது? வேனில் கட்டி இழுத்தீர்களா?

அம்மாப்பேட்டை_வாசகன்

நம்பி எடுத்துப்போனேன் ஐயா. என்ன செய்வது, வண்டி இரண்டு நாளும் நன்றாகவே ஓடியது. கயிற்றை இரண்டு மரத்துக்கு நடுவில் கட்டி 26 பேரின் துண்டைக் காயப்போட்டோம். பனியில் ஒன்றும் காயவில்லை. கடைசி நாள் சாம்பார் அண்டாவைக் கட்டித் தூக்கினோம்.

கோட்டுக்கு_அப்பால்

அப்படியானால் எனக்குக் கொடுங்கள். பொங்கல் விளையாட்டுக்குக் கயிறு வேண்டும். தெருவாரியாகப் பிரிக்க மாட்டேன், பயப்படாதீர்கள்.

அம்மாப்பேட்டை_வாசகன்

சனிக்கிழமை மாலை வாசிப்பு வட்டத்துக்கு வந்து எடுத்துக்கொள்ளுங்கள். நடுவில் ஒரு முழம் சாம்பார்க் கறை இருக்கிறது, துவைத்தும் போகவில்லை. மையக் குறியாக வைத்துக்கொள்ளலாம், துணி கட்டும் வேலை மிச்சம்.